சீழ் இல்லாத புண்

புண்ணில் சீழ் பிடித்துவிட்டது என்றால் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது. ஆனால் கைக்குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்து, புண் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போய், அதில் ஒரு துளி சீழ்கூடக் கட்டவில்லை என்றால், விவரமறிந்த குழந்தை மருத்துவர் உண்மையாகவே பயப்படத் தொடங்குவார். சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த வெள்ளணுக்களின் குவியல். அது இல்லையென்றால் வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வரவே இல்லை என்று பொருள். சரி, உடம்பில் வெள்ளணு உற்பத்தியே நின்றுபோயிருக்கும் என்று நினைத்து ரத்தத்தைச் சோதித்தால் முடிவு தலைகீழாக வரும். ஒரு மைக்ரோலிட்டரில் 2,000 முதல் 7,000 வரை இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் 20,000, 30,000 என்று நிற்கும். தொற்று முற்றினால் 1,00,000-ஐயும் தொடும்.

ரத்தம் முழுக்க வெள்ளணு, புண்ணில் ஒன்றுகூட இல்லை. இந்த நோய்க்கு லூக்கோசைட் அடீஷன் டெஃபிசியன்சி என்று பெயர். வெள்ளணுக்களுக்கு ஒட்டும் திறன் இல்லாமல் போவது. மருத்துவர்கள் சுருக்கமாக எல்ஏடி என்பார்கள். அதன் முதல் வகையான எல்ஏடி-1 ஏறத்தாழ 10 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவதாகக் கணக்கு. இவ்வளவு அரிய நோயைப் பற்றிப் பொது வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் என்ன செய்கின்றன என்பதை இந்த நோயைப் போலத் தெளிவாக வேறு எதுவும் காட்டிக்கொடுத்ததில்லை. பாடநூல்கள் செல் ஒட்டுதலை ஓர் அத்தியாயத்திலும், செல் எப்போது வாழ்கிறது, எப்போது சாகிறது என்பதை வேறோர் அத்தியாயத்திலும் வைக்கின்றன. நோய் எதிர்ப்பு செல்களைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை செயற்கையானது என்பதே என் வாதம். கடந்த 40 ஆண்டு ஆய்வுகளும், சந்தைக்கு வந்து அடிபட்ட சில மருந்துகளும் அதையே சொல்கின்றன.

கதை தவளையில் தொடங்குகிறது. 1867-இல் பெர்லினில் யூலியுஸ் கோன்ஹைம் உயிருள்ள தவளையின் குடல் சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சவ்வில் அழற்சி ஏற்பட ஏற்பட, சிறு சிரைகளில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளணுக்கள் வேகம் குறைந்து, சுவரோரமாக ஒதுங்கி, அங்கேயே நின்று, பிறகு சுவரை நெளிந்து கடந்து வெளியே வந்தன. அவருடைய ஆசிரியர் ருடால்ஃப் விர்க்கோ, சீழ் செல்கள் புண்பட்ட திசுவிலேயே பிறக்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சீழ் ரத்தத்திலிருந்து வருகிறது என்று கோன்ஹைம் காட்டினார். ஆனால் ஓடும் ரத்தத்தில் ஒரு செல் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. சிறு சிரையில் ரத்தம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கேட்க மெதுவாகத் தெரியும். வெள்ளணுவின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அதாவது அது ஒவ்வொரு விநாடியும் தன் உடலளவைப் போல 100 மடங்கு தூரம் கடந்துகொண்டிருக்கிறது. ஓடும் பேருந்திலிருந்து குதிப்பவர் நாலடி கூடவே ஓடித்தான் நிற்க முடியும். வெள்ளணுவும் அப்படித்தான், முதலில் உருண்டு பிறகுதான் நிற்கிறது. உருட்டுவது செலெக்டின் என்ற புரதக் குடும்பம். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் பி-செலெக்டினைச் சிறு பைகளில் தயாராக வைத்திருக்கின்றன. அருகில் காயம் என்றால் சில நிமிடங்களில் அது மேற்பரப்புக்கு வந்துவிடும். இ-செலெக்டினைப் புதிதாகச் செய்தாக வேண்டும் என்பதால் அது வரச் சில மணி நேரம் ஆகும். இரண்டும் வெள்ளணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கின்றன, உடனே விடுகின்றன, அடுத்ததைப் பிடிக்கின்றன. இந்தப் பிடித்து விடுதலில் செல் சுவரோடு உருள்கிறது. வேகம் விநாடிக்குச் சில மைக்ரான்களுக்கு இறங்குகிறது.

உருளும்போதுதான் அதற்கு ஊர் நிலவரம் தெரியவருகிறது. சுவரில் கீமோகைன் என்ற வேதி அழைப்புகள் ஒட்டிவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தொட்ட கணமே செல்லுக்குள் ஒரு சமிக்ஞை ஓடி, டாலின், கிண்ட்லின் என்ற உள்புரதங்கள் மேற்பரப்பில் இருக்கும் இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதங்களின் வாலைப் பிடித்து இழுக்கின்றன. அதுவரை மடங்கிக் குனிந்திருந்த இன்டெக்ரின் நிமிர்ந்து நிற்கிறது. சுவரில் இருக்கும் ஐசிஏஎம்-1 என்ற இணைப் புரதத்தின் மேல் அதற்கு இருக்கும் பிடிப்பு ஆயிரக்கணக்கான மடங்கு கூடுகிறது. எல்லாம் ஒரு விநாடிக்குள். செல் நின்றுவிடும்.

இதைக் கண்முன் நிறுத்திய சோதனை ஒன்று 1991-இல் ஹார்வர்டில் மைக்கேல் லாரன்ஸ், டிமோதி ஸ்ப்ரிங்கர் இருவரும் செய்தது. செயற்கைச் சவ்வில் செலெக்டினை மட்டும் பதித்து, அதன் மேல் ரத்த ஓட்டத்தின் வேகத்தில் நியூட்ரோஃபில்களை ஓடவிட்டார்கள். செல்கள் உருண்டன, நிற்கவில்லை. ஐசிஏஎம்-1-ஐ மட்டும் பதித்தார்கள்; ஓட்டத்தில் ஒரு செல்லும் சிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பதித்து செல்களைத் தூண்டிவிட்டபோது உருண்டு, நின்று, ஒட்டிக்கொண்டன. கோன்ஹைம் பார்த்த காட்சியை இரண்டு புரதங்களையும் ஒரு பம்பையும் வைத்து மீண்டும் நடத்திக் காட்டியாகிவிட்டது. என்னைக் கேட்டால் செல் உயிரியலின் மிக அழகான சோதனைகளில் இதற்கு இடமுண்டு.

சீழ் இல்லாத குழந்தைகளிடம் குறைந்தது என்ன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் தொப்புள்கொடி விழத் தாமதமாகி, தொடர்ந்து தொற்று வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கக் குழு ஒன்று, இப்படிப்பட்ட ஒரு சிறுவனின் நியூட்ரோஃபில்கள் பரப்புகளில் ஒட்ட மறுப்பதையும், அவற்றில் ஒரு பெரிய புரதம் காணாமல் போயிருப்பதையும் கண்டது. அதே சமயத்தில் ஸ்ப்ரிங்கர், வேறொரு நோக்கத்தில், வெள்ளணுக்களின் மேற்பரப்புப் புரதங்களுக்கு எதிராக மோனோகுளோனல் ஆன்டிபாடிகளைச் செய்து மேக்-1, எல்எஃப்ஏ-1 என்று பெயரிட்டுக்கொண்டிருந்தார். 1984 வாக்கில் இரண்டு பாதைகளும் சந்தித்தன. நோயாளிகளின் செல்களில் ஒரு புரதம் மட்டும் இல்லாமல் போகவில்லை, ஒரு குடும்பமே இல்லை. இன்டெக்ரின் இரட்டைச் சங்கிலியால் ஆனது. எல்எஃப்ஏ-1, மேக்-1 உள்ளிட்ட நான்கு இன்டெக்ரின்களுக்கும் ஒரு சங்கிலி பொது. அதற்கு சிடி18 என்று பெயர். 21-ஆம் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு பழுதானால் துணையில்லாத மற்ற நான்கு சங்கிலிகளும் மேற்பரப்பை எட்டுவதே இல்லை.

இதே பழுது மாட்டிலும் உண்டு. ஹோல்ஸ்டீன் கன்றுகளில் தீராத நிமோனியா, வாய்ப்புண், ரத்தத்தில் அளவுக்கு மீறிய நியூட்ரோஃபில் என்று ஒரு நோய் பரவலாகத் தென்பட்டது. 1992-இல் சிடி18 புரதத்தின் 128-ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்று தெரிந்தது. அப்போது சோதிக்கப்பட்ட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் சுமார் 14 சதவீதம் அந்தப் பழுதைச் சுமந்துகொண்டிருந்தன. வம்சாவளியைத் தேடிப்போனால் எல்லாம் ஆஸ்பார்ண்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே காளையில் போய் முடிந்தன. பால் கறவை அமோகம் என்பதால் அந்த வம்சத்தின் விந்து செயற்கைக் கருவூட்டல் மூலம் உலகெங்கும் போயிருந்தது. இந்தியாவில் விந்து நிலையங்களுக்கான அரசு விதிமுறைகள் ஹோல்ஸ்டீன் காளைகளையும் கலப்பினக் காளைகளையும் இந்தப் பழுதுக்காகச் சோதிக்கச் சொல்வதன் பின்னணி இதுதான். நம்மூர் மாட்டுத் தொழுவத்தில் ஊசி போட வரும் கால்நடை உதவியாளரின் பெட்டிக்குள் இருக்கும் விந்துக் குச்சிக்குப் பின்னால் இப்படியொரு மூலக்கூறு வரலாறு இருக்கிறது.

இதுவரை சொன்னது ஒட்டுதலின் கதை. அது இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. சிக்கல் ஈறில் வந்தது.

சிடி18 கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். அவர்களை விடாமல் துரத்துவது ஈறு நோய். ஈறு வீங்கிச் சிவந்து, தாடை எலும்பு கரைந்து, பால் பற்களும் பிறகு நிலைப் பற்களும் ஆடி விழுந்துவிடும். நியூட்ரோஃபில் வராததால் வாயில் உள்ள கிருமிகள் கட்டுக்கடங்காமல் பெருகி எலும்பைத் தின்கின்றன என்பதே பல ஆண்டுகள் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பல்லைச் சுத்தம் செய்தாலும் நோய் அடங்கவில்லை என்பதை அந்த விளக்கம் கண்டுகொள்ளவில்லை. 2014-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த நிக்கி மவுட்சோபுலோஸும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸும் இந்த நோயாளிகளின் ஈறுத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். பாக்டீரியாக்கள் பல்லின் மேல் படலமாக இருந்தன, திசுவுக்குள் படையெடுத்திருக்கவில்லை. திசுவில் நிரம்பி வழிந்தது ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞை. எலும்பைக் கரைத்தது உடம்பே.

ஏன் இப்படி? விடை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2005-இல், கிளவுஸ் லேயின் ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் கண்டறியப்பட்டிருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விஷயத்தின் கரு இங்கேதான் இருக்கிறது.

நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. அவை ரத்தத்தில் தங்குவது சில மணி நேரமே. பிறகு திசுக்களுக்குள் நுழைந்து, கிருமி இருந்தால் தின்று, இல்லாவிட்டாலும் வயதாகி, தாமே ஒழுங்காகச் செத்துப்போகின்றன. செத்ததை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் விழுங்குகின்றன. இந்த விழுங்கல் வெறும் துப்புரவு வேலையல்ல. செத்த நியூட்ரோஃபிலைத் தின்ற மேக்ரோஃபேஜ் ஐஎல்-23 என்ற சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது. ஐஎல்-23 குறைந்தால் லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளணுக்களில் சில வெளியிடும் ஐஎல்-17 குறைகிறது. அது குறைந்தால் மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் குறைகிறது. மஜ்ஜை உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. திசுவுக்கு எத்தனை நியூட்ரோஃபில் வந்து செத்தது என்பதை வைத்தே அடுத்து எத்தனை செய்வது என்று உடம்பு கணக்குப் போடுகிறது.

இப்போது சிடி18 இல்லாத உடம்பை நினைத்துப் பாருங்கள். நியூட்ரோஃபில் சுவரில் ஒட்டாது. ஒட்டாததால் திசுவுக்குள் நுழையாது. நுழையாததால் அங்கே சாகாது. சாகாததால் மேக்ரோஃபேஜுக்குத் தின்ன எதுவும் கிடைக்காது. ஐஎல்-23-ஐ அடக்க ஆளில்லை. ஐஎல்-17 பெருகி ஈறு எலும்பைக் கரைக்கிறது. மஜ்ஜையோ திசுவில் பஞ்சம் என்று நினைத்து இன்னும் இன்னும் செய்து ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தில் வெள்ளணு மலைபோலக் குவிவதற்கு அவை வெளியேற வழியில்லாததை மட்டும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உற்பத்திக் கணக்கே தவறிப்போயிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். 2001-இல் வெளியான ஓர் எலிச் சோதனை இதற்கு நல்ல சாட்சி: சிடி18 இல்லாத மஜ்ஜையோடு கொஞ்சம் நல்ல மஜ்ஜையையும் கலந்து வைத்தபோது, பழுதான செல்கள் பழுதாகவே இருந்தும், மொத்த எண்ணிக்கை கட்டுக்குள் வந்துவிட்டது. சில நல்ல செல்கள் திசுவுக்குப் போய்ச் செத்தாலே கணக்கு நேராகிறது.

இந்தப் புரிதல் சிகிச்சையாகவும் மாறியது. ஐஎல்-23-ஐ முடக்கும் உஸ்டெகினுமாப் என்ற மருந்து சோரியாசிஸுக்காக ஏற்கெனவே சந்தையில் இருந்தது. எல்ஏடி-1 உள்ள ஓர் இளைஞருக்கு ஆறாத ஈறு நோயும், கீழ்முதுகில் ஆழமான ஆறாத புண்ணும் இருந்தன. அவருக்கு அந்த மருந்தைக் கொடுத்த விவரம் 2017-இல் வெளியாயிற்று. ஓராண்டில் இரண்டும் ஆறின. மோசமான தொற்றும் வரவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்கும் மருந்து! முன்பு யாராவது இப்படி எழுதிக்கொடுத்திருந்தால் மருந்துக் கடைக்காரரே சீட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

ஒட்டும் புரதம் செல்லின் சாவை இப்படிச் சுற்றுவழியில் மட்டும் தீர்மானிப்பதில்லை, நேரடியாகவும் தீர்மானிக்கிறது. 1996-இல் பாஸ்டனில் மேக்-1 மட்டும் இல்லாத எலிகளை உருவாக்கி வயிற்றுக்குள் அழற்சியை ஏற்படுத்திப் பார்த்தார்கள். ஒட்டும் புரதம் குறைந்தால் அங்கே செல்களும் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தன. வந்தவை எளிதில் சாக மறுத்ததே காரணம். நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கிய பின் தன்னை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணையை மேக்-1-தான் உள்ளே அனுப்புகிறது. பிடிக்கிற கையே வேலை முடிந்ததும் சாகவும் சொல்கிறது.

செல்கள் ரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்கில் நுழைய உதவும் சிடி31 என்ற புரதத்துக்கும் இரட்டை வேலை உண்டு. 2002-இல் ஜான் சாவில் குழுவினர் எடின்பரோவில் கண்டது இது: மேக்ரோஃபேஜ் எதிர்ப்படும் ஒவ்வொரு வெள்ளணுவையும் பிடித்துப் பார்க்கிறது. உயிருள்ள செல்லின் சிடி31, மேக்ரோஃபேஜின் சிடி31-ஐத் தொட்டு 'விடு' என்கிறது, விட்டுவிடுகிறது. சாகத் தொடங்கிய செல்லால் அந்தச் சொல்லைச் சொல்ல முடிவதில்லை. பிடி இறுகுகிறது, விழுங்கப்படுகிறது.

ஒட்டுதலை வெறும் பசையாக எண்ணியவர்கள் கொடுத்த விலையை அடுத்துப் பார்க்கலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் லிம்ஃபோசைட்கள் மூளைக்குள் புகுந்து நரம்பிழைகளின் உறையை அரிக்கின்றன. அவை மூளையின் ரத்தக்குழாயில் ஒட்டப் பயன்படுத்துவது ஆல்ஃபா-4 இன்டெக்ரின். 1992-இல் கலிஃபோர்னியாவில் டெட் யெட்னாக், லாரன்ஸ் ஸ்டைன்மன் குழுவினர் இந்தப் புரதத்தை ஆன்டிபாடியால் மறைத்தால் எலிகளுக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த நடாலிசுமாப் என்ற மருந்து, இரண்டாண்டுச் சோதனையில், நோய் திரும்பத் தாக்குவதை 68 சதவீதம் குறைத்தது. அன்றிருந்த எந்த மருந்தும் அதன் அருகில் வரவில்லை. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 பிப்ரவரியில் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

காரணம் ஜேசி வைரஸ். வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் எந்தத் தொல்லையும் தராமல் படுத்துக்கிடக்கும் வைரஸ் இது. மருந்துச் சோதனைகளில் பங்கேற்ற மூவரின் மூளைக்குள் அது விழித்து வெண்பொருளை அழித்துவிட்டது. பிஎம்எல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோய் அதுவரை பெரும்பாலும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வந்துகொண்டிருந்தது. மூளையைத் தாக்கும் லிம்ஃபோசைட்டையும் மூளையைக் காவல் காக்கும் லிம்ஃபோசைட்டையும் உள்ளே விடுவது ஒரே கதவு. கதவைச் சாத்தினால் இருவருமே வெளியே. இன்னொரு விஷயமும் பின்னால் தெரிந்தது. மஜ்ஜையில் இளஞ்செல்களைப் பிடித்துவைத்திருப்பதும் இதே ஆல்ஃபா-4. மருந்து கொடுத்ததும் அவை பிடி நழுவி ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. வைரஸ் அவற்றில் ஒளிந்து பயணிக்கக்கூடும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் எளிதல்ல. பிடிப்பு திரும்பிய லிம்ஃபோசைட்கள் ஒரே மூச்சில் மூளைக்குள் பாய்ந்து, வைரஸ் செய்ததைவிட அதிகச் சேதம் செய்வதுண்டு. நடாலிசுமாப் 2006-இல் கடும் கண்காணிப்போடு திரும்பி வந்தது. ஜேசி வைரஸுக்கான சோதனை, எத்தனை மாதம் கொடுக்கலாம் என்ற கணக்கு எல்லாம் வந்துவிட்டன. இன்று பலருக்கு நல்ல மருந்து. எல்எஃப்ஏ-1-ஐ முடக்கிய எஃபாலிசுமாப் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. சோரியாசிஸுக்காக 2003-இல் வந்து, அதே பிஎம்எல் காரணமாக 2009-இல் போயே போய்விட்டது. குடலுக்குப் போகும் லிம்ஃபோசைட்களின் ஆல்ஃபா-4 பீட்டா-7 இன்டெக்ரினை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப் 2014-இல் வந்தது. எந்தக் கதவைச் சாத்துகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் அதற்குள் வந்திருந்தது.

பிடி நழுவுவதே சிகிச்சையாவதும் உண்டு. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோயில் பி செல் என்ற வகை லிம்ஃபோசைட்கள் ஆண்டுக்கணக்கில் சாகாமல் குவிகின்றன. ஆனால் அதே செல்களை நோயாளியிடமிருந்து எடுத்து ஆய்வகத் தட்டில் தனியாக வைத்தால் சில நாட்களில் தாமாகவே செத்துவிடும். 2000-இல் யான் பர்கர் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். மொத்த ரத்த செல்களையும் சேர்த்து நாள்கணக்கில் வளர்த்தால், அவற்றில் உள்ள மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் பெரிதாகி, தட்டில் பரந்து படிந்து செவிலிகளைப் போல ஆகின்றன. புற்றுசெல்கள் அவற்றை மொய்த்து ஒட்டிக்கொண்டு உயிர்வாழ்கின்றன. நிணநீர்க்கணுவிலும் மஜ்ஜையிலும் நடப்பதும் இதுதான். ஒட்டியிருக்கும் வரை 'வாழ்' என்ற சமிக்ஞை வந்துகொண்டிருக்கும்.

இப்ருடினிப் மாத்திரை பிடிகே என்ற உள்புரதத்தை முடக்குகிறது. அதனால் இன்டெக்ரின்கள் நிமிர்வது தடைபடுகிறது. 2014-இல் இந்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற இந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களிடம் ஒரு முரண் தெரிந்தது. கழுத்திலும் அக்குளிலும் இருந்த கட்டிகள் மளமளவென்று வற்றின. ரத்தத்தில் புற்றுசெல் எண்ணிக்கையோ தாறுமாறாக ஏறியது. பழைய அளவுகோலின்படி எண்ணிக்கை ஏறினால் நோய் முற்றுகிறது என்று எழுதி மருந்தை நிறுத்த வேண்டும். சோதனைக் கட்டத்திலேயே இதைக் கவனித்த நிபுணர்கள் 2012-இல் அளவுகோலையே திருத்தினார்கள். ஏறியது புதிதாகப் பிறந்த செல் அல்ல, கணுவிலிருந்து பிடி நழுவி ரத்தத்தில் விழுந்த செல். செவிலி இல்லாத அந்த இடத்தில் அது மெல்ல மெல்ல மடிகிறது. சிலருக்கு எண்ணிக்கை இறங்க ஓராண்டுக்கு மேலாகலாம்; அதனால் கெடுதல் இல்லை. எல்ஏடி குழந்தைக்கும் இந்த நோயாளிக்கும் ரத்த அறிக்கை ஒரே மாதிரி எகிறி நிற்கிறது. ஒன்று ஆபத்தின் அடையாளம், மற்றது மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

சிடி47 என்ற புரதத்தின் வரலாற்றை இங்கே சொல்லாமல் போனால் குறையாகிவிடும். அது முதலில் இன்டெக்ரினோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் 'இன்டெக்ரினின் துணைப் புரதம்' என்றே பெயர் பெற்றது. ஒட்டுதலில் ஏதோ கைங்கரியம் செய்கிறது என்று நினைத்தார்கள். 2000-இல் சிடி47 இல்லாத சிவப்பணுக்களை இயல்பான எலிக்குள் செலுத்தியபோது, மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்கள் அவற்றை வெகுசீக்கிரம் விழுங்கிவிட்டன. 'என்னைத் தின்னாதே' என்று செல் காட்டும் அடையாள அட்டை அது. புற்றுசெல்கள் இந்த அட்டையை அதிகமாக வைத்துக்கொள்கின்றன என்று தெரிந்ததும் அதை மறைக்கும் மருந்துகளில் பெரும் பணம் கொட்டப்பட்டது. அவற்றில் முன்னணியில் இருந்த மேக்ரோலிமாப் ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகளில் பலன் காட்டாமல் 2024-இல் கைவிடப்பட்டது. சிவப்பணுக்களுக்கும் அதே அட்டைதான் என்பதால் ரத்தசோகை முதலிலிருந்தே தொல்லையாக இருந்தது. ஒரு மேற்பரப்புப் புரதத்துக்கு ஒரு வேலை என்று எழுதிக்கொண்டு மருந்து செய்யப் போனால் நேர்வது இது.

எல்ஏடி-1 குழந்தைகளிடம் திரும்புவோம். கடுமையான வகையில், சிகிச்சை இல்லையென்றால், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை நோயைத் தீர்க்கும். பொருத்தமான கொடையாளி வேண்டும். குழந்தையின் சொந்த மஜ்ஜை செல்களை எடுத்து, நல்ல சிடி18 மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் மரபணு சிகிச்சை பற்றிய ஆய்வு 2025-இல் வெளியானது. அதில் பங்கேற்ற 9 குழந்தைகளும் மாற்று மஜ்ஜை தேவைப்படாமலே உயிரோடிருந்தார்கள். எல்லா செல்லும் திருந்த வேண்டியதில்லை. எலியில் கண்டதுபோல ஒரு பங்கு செல்கள் ஒட்டக் கற்றுக்கொண்டாலே பெரும்பாலான வேலை நடந்துவிடுகிறது.

இந்த நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள சமூகங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். அதனால் இது எங்கோ அமெரிக்கப் பத்திரிகையில் வரும் நோய் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். மூன்று, நான்கு வாரமாகியும் விழாவிட்டால் அது மட்டுமே நோய்க்கு அடையாளமல்ல. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் அப்படி நேர்வதுண்டு, வீணாகப் பயப்பட வேண்டாம். ஆனால் தாமதத்தோடு தொப்புளில் தொற்று, சீழ் கட்டாத புண், ரத்த அறிக்கையில் மிக அதிகமான வெள்ளணு, குடும்பத்தில் முன்பு கைக்குழந்தை தொற்றால் இறந்த வரலாறு ஆகியவையும் சேர்ந்தால், குழந்தை மருத்துவரிடம் சிடி18 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற அந்தச் சோதனைக்கு ரத்தம் கொஞ்சம் போதும், பெரிய மருத்துவமனைகளிலும் மும்பையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனத்திலும் செய்கிறார்கள்.